தேய்ந்த பலகை சொல்லும் பாடம்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் கல்வியின் பெருமையைப் பேசுவார்கள். அது நல்ல வழக்கம்தான். ஆனால் அதைப் பேச இங்கே என்னைவிடத் தகுதியான ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆகையால் நான் விளையாட்டைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். திடலில் ஓடி ஆடுகிற விளையாட்டல்ல. திண்ணையில் உட்கார்ந்து ஆடுகிற விளையாட்டு. பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி, பரமபதம், கேரம்! பெயரைச் சொன்னதும் பின்வரிசையில் இருக்கும் பாட்டிமார் முகத்தில் சிரிப்பு வருகிறதே, அதைக் கவனித்தேன்!

உங்கள் வீட்டில் பரணிலோ, கட்டிலுக்கு அடியிலோ, பழைய டிரங்குப் பெட்டியிலோ ஒரு பலகை கிடக்கும். குழியெல்லாம் எண்ணெய் ஏறிக் கறுத்துப்போன பல்லாங்குழியாக இருக்கலாம். கோடு அழிந்த கேரம் பலகையாக இருக்கலாம். தீபாவளிக்கு வீட்டைத் துப்புரவு செய்யும்போது, "இது எதுக்கு இன்னும்? தூக்கிப் போடு" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். போடுவதற்கு முன்பு அந்தப் பலகையை ஒருமுறை நன்றாகப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இன்று வந்தேன்.

ஒரு பொருள் இரண்டு விதமாகக் கெட்டுப்போகும். கவனிப்பார் இல்லாமல் கெடுவது ஒன்று. கை ஓயாமல் பயன்பட்டுக் கெடுவது மற்றொன்று. கவனிக்காமல் விட்டதைத் துரு தின்னும், கறையான் தின்னும். பயன்பட்டது அப்படிக் கெடுவதில்லை, அது தேயும். அம்மிக்கல் தேய்வது போல, பால்வெட்டும் கத்தி தேய்வது போல. தேய்ந்த பலகை என்றால், அந்த வீட்டில் நான்கு பேர் ஒன்றாக உட்கார்ந்தார்கள் என்பதற்கு அது சாட்சி. வேறு சாட்சி வேண்டியதில்லை.

முதலில் பல்லாங்குழியை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு 7 குழி, மொத்தம் 14 குழி. குழிக்கு 5 காய் வைத்தால் மொத்தம் 70 காய். ஒரு குழியை அள்ளி, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகவேண்டும். கையில் இருப்பது தீர்ந்தால் அடுத்த குழியை அள்ளி ஆடவேண்டும். அடுத்த குழி வெறுங்குழி என்றால், அதைத் துடைத்துவிட்டு அதற்கு அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். ஆடும்போது ஒரு குழியில் 4 காய் சேர்ந்தால் அது 'பசு'. குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்வார். இதில் வீட்டுக்கு வீடு சின்னச் சின்ன மாற்றம் உண்டு. 

பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காத பாட்டி, குழியைப் பார்த்த மாத்திரத்தில் "இதிலிருந்து எடுத்தா அங்க போய் முடியும், எனக்கு ஒம்பது கிடைக்கும்" என்பார். அது மனக்கணக்கு அல்லாமல் வேறு என்ன? விரலை மடக்காமல், தாளில் எழுதாமல், கண்ணாலேயே போடும் கணக்கு! ஆசிரியர்கள் முதலாம் ஆண்டில் கூட்டலும் பங்கிடுதலும் சொல்லித்தரப் படாத பாடு படுகிறார்கள். அந்தப் பாடத்தைத் தாய்மார்கள் திண்ணையிலேயே தொடங்கி வைத்துவிடலாம்.

காய்க்கு எங்கே போவது? ஊரில் புளியங்கொட்டையும் சோழியும் வைத்து ஆடினார்கள். இங்கே தோட்டத்தில் ரப்பர்க் கொட்டைக்குப் பஞ்சமா? வெயில் காலத்தில் காய் 'பட்'டென்று வெடித்துச் சிதறுமே! அதைச் சிமெண்டுத் தரையில் சூடேறத் தேய்த்துப் பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்து அலறவிட்ட பையன்கள், இன்று அப்பாக்களாக இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் ரப்பர்க் கொட்டை பெரியது. காய் சேரச் சேரக் குழி நிரம்பி வழியும். அதற்கு ஏற்றது ஆனைக்குன்றிமணி. மலாய்க்காரர் அதைச் சாகா என்பார்கள். முழுச் சிவப்பாக, வழவழவென்று இருக்கும். இன்னொரு குன்றிமணி உண்டு. சிவப்பில் கறுப்புக் கண் வைத்தது. அழகாக இருக்கும், ஆனால் நஞ்சு. அதைச் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

மலாய்க்காரர் வீட்டிலும் இதே போன்ற பலகை உண்டு, பெயர் சொங்காக். அதிலும் ஆளுக்கு 7 குழி. கூடவே இரண்டு ஓரத்திலும் ஆளுக்கொரு பெரிய 'வீடு'. குழிக்கு 7 காய் வைத்து, மொத்தம் 98 காயோடு ஆடுவார்கள். சுற்றி வரும்போது தன் வீட்டில் ஒரு காய் போடலாம். எதிராளி வீட்டில் போடக்கூடாது. நம் நாட்டில் 1989-இல் வெளிவந்த 10 காசு நாணயம் உண்டியலில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் சொங்காக் பலகை பொறித்திருக்கும். அதே வரிசையில் வந்த 5 காசில் பம்பரம் இருக்கும். 2012-இல் புது நாணயங்கள் வந்து அந்தப் படங்கள் மாறிவிட்டன. நாடே மதித்து நாணயத்தில் பொறித்த விளையாட்டுக்கு அக்காளோ தங்கையோ ஆன பலகை, நம் கட்டிலுக்கு அடியில் தூசி படிந்து கிடக்கிறது!

அடுத்தது தாயம். பித்தளையில் செய்த நீளமான கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம்: ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, ஒரு பக்கம் வெறுமை. ஒன்றில் வெறுமையும் மற்றொன்றில் ஒற்றைப் புள்ளியும் விழுந்தால் தாயம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. தாயம் விழாதவரை காய் உள்ளே இறங்காது. எதிரில் இருப்பவர் பாதிக் கட்டம் போய்விட்டிருப்பார். நாம் உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்போம்!

ஆறாம் ஆண்டு மாணவர்களே, உங்களுக்கு ஒரு கணக்கு. இரண்டு கட்டையும் சேர்ந்து எத்தனை விதமாக விழும்? 4 தரம் 4, அதாவது 16 விதம். அதில் தாயம் எத்தனை? இரண்டே இரண்டுதான். ஆக, எட்டில் ஒரு பங்கு. மூன்று என்ற எண் 4 விதமாக விழும். பன்னிரண்டு ஒரே விதமாகத்தான் விழும். "எனக்கு மட்டும் தாயமே விழ மாட்டேங்குது, என் ராசி அப்படி" என்று அழவேண்டாம். அது ராசி இல்லை, கணக்கு. எல்லாருக்கும் அதே எட்டில் ஒன்றுதான். வீட்டில் நூறு தடவை உருட்டிக் குறித்துப் பாருங்கள். கணக்கு ஏறக்குறைய ஒத்துவரும், அச்சாக ஒத்துவராது. அது ஏன் என்று ஆசிரியரைக் கேளுங்கள், மகிழ்ந்து போவார்.

இந்தக் கட்டை தேய்ந்தால் வருகிற வம்பு இருக்கிறதே, அது தனிக் கதை! புள்ளி மழுங்கிவிடும். விழுந்தது ஒற்றைப் புள்ளியா, வெறுமையா? ஒருவர் தாயம் என்பார், மற்றவர் பன்னிரண்டு என்பார். மாமியும் மருமகளும் ஆடும் வீட்டில் அது போதும், அன்றைய சோறு பொங்கின மாதிரிதான்! ஊசியால் புள்ளியில் அடைந்திருக்கும் அழுக்கைச் சுரண்டி, கொஞ்சம் சுண்ணாம்பைத் தடவித் துடைத்தால் புள்ளி பளிச்சென்று தெரியும். சண்டையும் தீரும், சோறும் வேகும்.

பரமபதம் மரமல்ல, காகிதம். மடித்து மடித்து மடிப்பிலேயே கிழியும். சோற்றுப் பசை போட்டுப் பின்பக்கம் பழைய நாள்காட்டித் தாளை ஒட்டுவார்கள். பாம்பின் தலை இருக்கும் இடத்தில் கிழிந்துவிட்டால், "தலையே இல்லாத பாம்பு எப்படிக் கடிக்கும்?" என்று வாதாடுகிற வக்கீல் பையன் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவன் இருப்பான். நம்மவர் வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க ஆடிய இந்த ஆட்டம், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. பிறகு பாம்பும் ஏணியும் என்று அட்டைப் பெட்டியில் அடைபட்டு உலகமெங்கும் கடைக்கு வந்துவிட்டது.

கேரம் பலகை வாலிபர்களின் சொத்து. 29 அங்குலச் சதுரம், 9 வெள்ளை, 9 கறுப்பு, ஒரு சிவப்பு. 1988-இல் இதற்கென்று அனைத்துலகச் சம்மேளனமே சென்னையில் தொடங்கப்பட்டது. ஆனால் சம்மேளன விதியா முக்கியம்? தோட்டத்தில் ஒரு காய் காணாமல் போனால் சட்டைப் பொத்தான் வந்து உட்காரும், வலை கிழிந்தால் பழைய காலுறை தொங்கும்! கோடு அழிந்தால் பேனாவால் இழுத்துக்கொள்வார்கள். பலகையை ஈரத்துணியால் துடைத்தால் ஊதிப்போகும். வெயிலில் காயவைத்தால் வளைந்து போகும். காய்ந்த துணியால் துடைத்து, சுவரில் ஆணியடித்து மாட்டி வைத்தால் அண்ணன் ஆடிய பலகையில் தம்பி மகனும் ஆடலாம்.

தோழர்களே, ஆடுபுலி ஆட்டத்தைக் கடைசியில் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. தோட்டத்துத் தொழிலாளி ஒவ்வொருவரும் ஆடிப் பார்க்க வேண்டிய ஆட்டம் இது. 3 புலி, 15 ஆடு, 23 முனைகள். புலி தாண்டி வெட்டும். ஆடு வெட்டாது; அதற்குப் பல்லும் இல்லை, நகமும் இல்லை. அப்படியானால் ஆடு எப்படி ஜெயிக்கும்? ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று நின்றால் புலிக்குத் தாண்ட இடமில்லை. தனியாக முன்னே ஓடும் ஆடு செத்தது. சேர்ந்து நிற்கும் ஆடுகள் மெள்ள மெள்ள நெருங்கி, மூன்று புலியையும் அசையவிடாமல் கட்டிவிடும். ஒரு புலியின் மேல் கை வைக்காமலேயே வெற்றி! 1954-இல் தனித்தனியாகக் கிடந்த தோட்டத் தொழிற்சங்கங்கள் ஒன்றுசேர்ந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆயின. அந்தக் காலத்துத் தொழிலாளிக்கு ஒற்றுமை என்றால் என்னவென்று மேடை போட்டு விளக்க வேண்டிய தேவை குறைவாகத்தான் இருந்திருக்கும். அஞ்சடியில் கரிக்கட்டையால் கோடு போட்டு, சின்ன வயதிலேயே அந்தப் பாடத்தை ஆடிப் படித்தவர்கள் அல்லவா!

சரி, இவ்வளவு நல்ல ஆட்டங்களை ஏன் பெரியவர்கள் சில பேர் திட்டினார்கள்? "தாயம் ஆடினா வீடு விளங்காது" என்றார்களே? அதில் நியாயம் இருக்கிறது, மறைக்க வேண்டாம். காசு வைத்து ஆடியவர்கள் இருந்தார்கள். சம்பள நாளன்று கையில் வாங்கிய வெள்ளியைப் பொழுது விடிவதற்குள் தோற்றுவிட்டு, கடையில் பாக்கி சொன்ன குடும்பங்கள் உண்டு. நாட்டையே வைத்து இழந்த தருமரைவிடவா நாம் கெட்டிக்காரர்கள்? காசு வந்து உட்கார்ந்தால் விளையாட்டு எழுந்து போய்விடும். ஆகவே ஆடுங்கள், காசு வைத்து மட்டும் ஆடாதீர்கள். புளியங்கொட்டைக்கு மேல் எதையும் பந்தயம் வைக்க வேண்டாம்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் கைப்பேசியை விட்டுத் தலை தூக்குவதில்லையே, இதையா ஆடப் போகிறார்கள்?" என்று சில பெற்றோர் கேட்பீர்கள். நான் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்து ஆட யாராவது இருக்கிறோமா? கைப்பேசி எப்போதும் 'வா' என்று கூப்பிடுகிறது. நாம் "வேலையிருக்கு, போ" என்கிறோம். பிள்ளை எங்கே போகும்? பல்லாங்குழியில் ஒற்றை ஆள் ஆட்டத்துக்குச் சுவை இல்லை. எதிர்ப்பக்கத்து 7 குழிக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான்.

இப்போது என் நெஞ்சில் உறுத்தும் சங்கதிக்கு வருகிறேன். மரப்பலகையைத் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் நம்மவர் ஆடிய பலகைகளில் பாதி மரமே அல்ல, தரை! ஊரில் கோயில் மண்டபத்துக் கல்தரையில் ஆடுபுலிக் கோடுகளையும் பல்லாங்குழிகளையும் இன்றும் பார்க்கலாம். அவர்கள் கல்லில் கீறினார்கள். இங்கே வந்தவர்கள் லயத்து வீட்டு அஞ்சடிச் சிமெண்டில் ஆணியால் கீறினார்கள். மத்தியானம் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, மங்கு கழுவிய கையோடு அந்தக் கட்டத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டு போடப்பட்டன. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தை இடிக்கும்போது சாமிப் படத்தை எடுத்தோம், அம்மியை எடுத்தோம், கோழிக்கூண்டைக்கூட லோரியில் ஏற்றினோம். அஞ்சடியில் இருந்த தாயக் கட்டத்தை யாரால் எடுத்துவர முடிந்தது? அது இடிபாட்டோடு இடிபாடாகப் போயிற்று. அதோடு, அந்த லயத்துக்கென்று இருந்த ஆட்ட விதிகளும் போயின.

போனதைப் பற்றி அழுது பயனில்லை. இருப்பதைக் காப்பாற்ற மூன்று வேலை சொல்கிறேன். மூன்றுக்கும் காசு செலவில்லை.

முதல் வேலை மாணவர்களுக்கு. ஒரு பயிற்சிப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டியிடமோ தாத்தாவிடமோ, "உங்க காலத்துல எப்படி ஆடுவீங்க?" என்று கேட்டு அப்படியே எழுதுங்கள். எந்தக் குழிக்கு என்ன பெயர், என்ன விழுந்தால் மறு ஆட்டம், ஏமாற்றினால் என்ன தண்டனை, எல்லாம் எழுதுங்கள். இரண்டு பாட்டி இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இரண்டும் சரிதான்.

இரண்டாவது வேலை இளைஞர்களுக்கு. இன்னும் இடிபடாத லயம் பக்கத்தில் எங்காவது இருந்தால், உத்தரவு கேட்டுக்கொண்டு போய் அஞ்சடித் தரையைப் பாருங்கள். கோடு இருந்தால் பெரிய தாளை விரித்து, கரியைப் படுக்கவைத்துத் தேயுங்கள். கீறல் அப்படியே தாளில் விழும். நாள், இடம், தோட்டத்தின் பெயர் எழுதிப் பள்ளி நூலகத்தில் கொடுங்கள்.

மூன்றாவது வேலை பெற்றோருக்கு. வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம், பிள்ளையோடு ஆடுங்கள். பிள்ளை தோற்றால் அழும், அழட்டும். நீங்கள் வேண்டுமென்றே தோற்றுக் கொடுக்காதீர்கள், பிள்ளைக்குத் தெரிந்துவிடும். நேர்மையாக ஆடித் தோற்பதும், நேர்மையாக ஆடி ஜெயிப்பதும் எப்படி என்று உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் அது கற்றுக்கொள்ளும்.

கடைசியாக, இன்று பரிசு வாங்காத பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பரிசு வாங்கியவர்களுக்குக் கைதட்டினோம். அவர்கள் உழைத்தார்கள், வாழ்க! ஆனால் இந்த மண்டபத்தில் மேடை ஏறாத பிள்ளைகளே அதிகம். தம்பி, தங்கச்சி, பல்லாங்குழியில் தோற்றவனுக்கு என்ன நடக்கிறது தெரியுமா? முதல் ஆட்டத்தில் எதிராளி 42 காய் எடுத்துவிட்டார், உனக்கு 28 தான் என்று வைத்துக்கொள். குழிக்கு 5 வீதம் உன்னால் 5 குழியைத்தான் நிரப்ப முடியும். 3 காய் மிச்சம். மீதி 2 குழியைக் குச்சி போட்டு மூடிவிடுவார்கள். அவருக்கு 7 குழி, உனக்கு 5 குழி. ஆனால் ஒன்றைக் கவனி: உன்னை எழுந்து போகச் சொல்லவில்லை! இருக்கிற 5 குழியை வைத்துக்கொண்டு ஆடு என்கிறார்கள். நிதானமாக எண்ணி, எந்தக் குழியை அள்ளினால் எங்கே போய் முடியும் என்று பார்த்து ஆடினால், மூடிய குழியை அடுத்த ஆட்டத்தில் திறக்கலாம். அப்படித் திறந்தவர்களை உங்கள் பாட்டிமாரைக் கேட்டால் பெயர் சொல்லி, ஊர் சொல்லிச் சொல்வார்கள்.

பிள்ளைகளுக்கு நல்ல புத்தகம் வாங்கிக் கொடுங்கள், பரிசுக் கோப்பைகளைக் கண்ணாடி அலமாரியில் வையுங்கள். அதற்குப் பக்கத்திலேயே அந்தத் தேய்ந்த பலகைக்கும் ஓர் இடம் கொடுங்கள். கைக்கெட்டும் உயரத்தில் வையுங்கள். எடுத்து ஆடத்தான் அது இருக்கிறது. இன்னும் கொஞ்சம் தேயட்டும்.